சோமாலியாவில் வெளிநாட்டு மருத்துவக் குழுவும் உள்ளூர்த் தொண்டு அமைப்பும்: என் காசு யார் கையில்?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தணிக்கை வேலை பார்க்கிறேன். ஆறேழு வருஷமாக ஒரு வெளிநாட்டு மருத்துவ உதவி அமைப்புக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்து கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது. பெயர் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம். சோமாலியாவில் இனி நேரடியாக மருத்துவமனை நடத்தப் போவதில்லையாம். மருந்தும் பயிற்சியும் பணமும் இவர்கள் கொடுப்பார்கள், நோயாளியைப் பார்ப்பது அங்குள்ள தொண்டு அமைப்புகள்.

பணம் ஒரு கை மாறினாலே கேள்வி கேட்பது என் தொழில். இங்கே மூன்று கை மாறுகிறது. தேடிப் பார்த்தால், 2010இல் ஐ.நா. கண்காணிப்புக் குழு, சோமாலியாவுக்குப் போன உணவு உதவியில் பாதி வரைக்கும் வழியிலேயே போய்விட்டது என்று எழுதியிருக்கிறது. 2023இலும் இதே புகார் கிளம்பி, ஐரோப்பிய ஒன்றியம் உலக உணவுத் திட்டத்துக்கான பணத்தை அங்கே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

தொடரலாமா, நிறுத்தலாமா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கருணை பற்றிய பாடம் வேண்டாம், அது ஓரளவு இருக்கிறது.

சும்மா_ஒருவன்

நம்ம தெரு கோயில் கமிட்டி கணக்கையே நம்ப முடியலை. இதுல சோமாலியா டிரஸ்டா? நிறுத்திட்டு முதியோர் இல்லத்துக்குக் குடுங்க.

வில்சன்_ரன்வே

நான் நைரோபியில பதினோரு வருஷம் மருந்து சப்ளை வேலை பார்த்தவன். வில்சன் விமான நிலையத்துல விடியற்காலை சோமாலியாவுக்குப் போற சின்ன விமானத்துல பெட்டி ஏத்துறதுதான் பிழைப்பு. பக்கத்துலயே ஒருத்தன் மிரா, அதாவது மென்னா லேசா போதை ஏத்துற இலை, மூட்டை மூட்டையா ஏத்துவான். அந்த இலை காய்றதுக்குள்ள போய்ச் சேரணும். "நம்ம தடுப்பூசியை விட அவன் இலைக்குத்தான் நல்ல கோல்ட் செயின் (வழி முழுக்கக் குளிராவே வச்சுக் கொண்டுபோறது)"னு சொல்லிச் சிரிப்போம்.

முதல்ல அந்த 2010 அறிக்கை. அது உணவு மூட்டை விவகாரம். லாரி ஒப்பந்தத்துல பெரும்பங்கு மூணே மூணு வியாபாரிங்க கையில இருந்ததுதான் அதுல பெரிய குற்றச்சாட்டு. "பாதி"ங்கிற கணக்கை உலக உணவுத் திட்டம் ஒத்துக்கலை. சோள மூட்டையை எந்தச் சந்தையிலயும் வித்துடலாம். பிரசவ வார்டு நடத்துறதை மூட்டை கட்டி விக்க முடியாது. மருந்துல கசிவே இல்லைன்னு சொல்ல வரலை. ஊட்டச்சத்து குறைஞ்ச குழந்தைக்குக் குடுக்கிற அந்த நிலக்கடலை பேஸ்ட், 92 கிராம் பாக்கெட், 500 கலோரி, அதைப் பெட்டிக்கடையில தொங்கவிட்டு விக்கிறதை நானே பார்த்திருக்கேன். ஆனா அதை வித்தது பெரும்பாலும் அந்தக் குழந்தையோட அம்மாதான். வீட்டுல இன்னும் நாலு வயிறு இருக்கே.

ரெண்டாவது, உள்ளூர்க்காரன் ஏன்? கல்காயோன்னு ஒரு ஊர். நடுவுல ஒரு கோடு. வடக்குப் பக்கம் ஒரு குலம், தெற்குப் பக்கம் இன்னொரு குலம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரே ஊருக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா வேலை பார்க்க வேண்டியிருந்தது, ஏன்னா நோயாளி கோடு தாண்ட மாட்டான். பாரிஸ்லயோ ஜெனீவாவிலயோ உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவனுக்கு இது வீண் செலவு. அங்க பொறந்தவனுக்கு இதுதான் ஊரே.

யாரை வேலைக்கு எடுக்கிறீங்க, யார் வண்டியை வாடகைக்கு எடுக்கிறீங்க, யார் வீட்டை ஆபீஸா புடிக்கிறீங்க, ஒவ்வொண்ணும் அங்க குலக் கணக்கு. காவலாளியை நீக்கினா மறுநாள் பெரியவங்க பன்னிரண்டு பேர் வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. வெளியூர்லேர்ந்து வர்றவனைத் தன் பொறுப்புல அழைச்சுக்கிட்டுப் போய்க் காப்பாத்துற ஆளுக்கு அங்க பழைய காலத்துலயே பேர் உண்டு, அப்பான். (நம்ம அப்பன் இல்லை, உச்சரிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான்.) இப்ப நாம "கூட்டாளி"ன்னு சொல்றது பாதி அந்த வேலைதான்.

கணக்குப்பிள்ளை

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன அதே அமைப்பு 2013 ஆகஸ்டில் மொத்தமாக மூடிவிட்டு வெளியேறியதே? 1991இலிருந்து 22 வருஷம் இருந்தவர்கள். 16 பேரைப் பறிகொடுத்திருக்கிறார்கள். கென்யாவின் ததாப் அகதி முகாமில் கடத்தப்பட்ட இருவர் 21 மாதம் கழித்துத்தான் திரும்பினார்கள். தாங்கள் யாரோடு பேச்சு நடத்தினோமோ அவர்களில் சிலரே தாக்குதல்களுக்குத் துணை போனார்கள் அல்லது கண்டும் காணாமல் இருந்தார்கள் என்றுதானே வெளியேறும்போது சொன்னார்கள்? ஆயுதக் காவலுக்குக் காசு கொடுத்தும் இந்தக் கதி. உங்கள் அப்பான் எங்கே போனார்?

வில்சன்_ரன்வே

நியாயமான அடி. பதில் இருக்கு, ஆனா அது உங்களுக்குப் பிடிக்காது.

2012இல் மட்டும் அவங்க 6,24,000க்கு மேல மருத்துவ ஆலோசனை குடுத்தாங்க. அதைச் செஞ்சது 1,500க்கு மேற்பட்ட ஊழியர்கள். அதுல வெளிநாட்டுக்காரங்க விரல் விட்டு எண்ணலாம். 2008 ஜனவரியில கிஸ்மாயோவில சாலையோரக் குண்டுல மூணு பேர் இறந்தாங்க, ஒரு கென்ய டாக்டர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு சோமாலி டிரைவர். அதுக்கப்புறம் பல இடத்துல வெளியாட்கள் தங்கவே இல்லை. நைரோபியிலேர்ந்து போன், மெயில், எப்பவாவது ஒரு நாள் வந்து போறது. அப்போ உள்ள வேலை பார்த்தது யாரு?

குரியேல்னு ஒரு ஊர். அங்க இருந்த மருத்துவமனையில குழந்தை வார்டுல கேமரா வச்சாங்க. நைரோபியில ஒரு குழந்தை மருத்துவர் திரையில பார்த்து அங்க இருக்கிற சோமாலி மருத்துவர்களோட பேசுவார். 2011இல 3,920 குழந்தைங்க சேர்க்கப்பட்டதுல 346 பேரை இப்படிக் கேட்டாங்க. 222 பேருக்குச் சிகிச்சை கணிசமா மாறிச்சு. 88 பேருக்கு உயிருக்கே ஆபத்தான ஒண்ணு முதல்ல கண்ணுல படாமப் போயிருந்தது, இதுல தெரிஞ்சது. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. மாசம் போகப் போக, சிக்கலான கேஸ்களை அந்த வார்டுக்காரங்க நைரோபியைக் கேட்காமலே சமாளிக்க ஆரம்பிச்சாங்க. இது அளந்து பதிவான விஷயம்.

2013இல கடையைக் கட்டினப்போ வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறினான். அந்த 1,500 பேர் எங்க ஏறுவாங்க? அங்கேயேதான் இருந்தாங்க. 2017இல அமைப்பு திரும்பி வந்து கல்காயோ வடக்கில ஆரம்பிச்சப்போ, வேலை தெரிஞ்ச ஆள் ஊர்லயே இருந்தான்.

பனங்கூடல்

நான் லண்டனில மருத்துவிச்சியா வேலை செய்யிறன், சொந்த இடம் சாவகச்சேரி. சோமாலியா எண்டு சொல்லேக்க எல்லாரும் மொகடிஷுவை மட்டும் நினைக்கினம். வடக்கில தனி நாடு எண்டு தானே அறிவிச்ச சோமாலிலாந்து கொஞ்சம் வேற கதை.

லண்டன் கிங்ஸ் மருத்துவமனைக்காரருக்கும் சோமாலிலாந்துத் தலைநகர் ஹர்கெய்சாவுக்கும் 2000ஆம் ஆண்டில இருந்து ஒரு தொடர்பு இருக்கு. இவை அங்க போய் ஆஸ்பத்திரி கட்டேல்லை. அங்கத்தைய மருத்துவ மாணவருக்கும் தாதியருக்கும் படிப்பிக்கிறது, பரீட்சைக்குப் பரீட்சகரா போறது, இணையத்தில கேஸ் விவாதிக்கிறது. எங்கட வார்டில இருந்தும் ஒரு டொக்டர் இரவு வேலை முடிச்சுப்போட்டு மடிக்கணினியைத் திறந்து வைச்சுக்கொண்டு படிப்பிப்பார். ஒரு முறை நானும் பக்கத்தில இருந்து பார்த்தன். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிக்காட்டில் என்ன செய்வீங்கள் எண்டு கேட்டார். அங்கயிருந்து ஒரு பிள்ளை, "முதலில இரத்தம் தரக்கூடிய சொந்தக்காரர் ஆர் வாசலில நிக்கினம் எண்டு பார்ப்பன்" எண்டாள். டொக்டர் சிரிச்சுப்போட்டுப் பேந்து யோசிச்சார். இரத்த வங்கி இல்லாத இடத்தில அதுதான் சரியான மறுமொழி.

எட்னா அதான் (Edna Adan) எண்ட சோமாலிலாந்து மருத்துவிச்சி அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீங்கள். தன்ர சேமிப்பைப் போட்டு, முந்திக் குப்பை கொட்டின காணியில மகப்பேற்று மருத்துவமனை கட்டி 2002இல திறந்தவா. வெளிநாட்டு உதவி பிறகுதான் சேர்ந்தது. முதலில உள்ளூர், பேந்து வெளியூர். அந்த வரிசை முக்கியம் எண்டு நான் நினைக்கிறன்.

சும்மா_ஒருவன்

சரி சரி, அப்போ உள்ளூர்க்காரன் எல்லாம் தியாகி, வெளிநாட்டுக்காரன் எல்லாம் பயந்தாங்கொள்ளி. அப்படித்தானே?

வில்சன்_ரன்வே

அப்படி நான் சொல்லலையே. உள்ளூர்க்காரன்ல திருடனும் இருக்கான், எனக்கு வேண்டிய அளவு தெரியும்.

மொகடிஷுவைச் சுத்தி இடம்பெயர்ந்தவங்க முகாம்கள் நிறைய. பல முகாம்ல "வாசல்காரன்" ஒருத்தன் இருப்பான். நிலம் அவன் ஆளுங்களுது, உள்ள யார் வரலாம் போகலாம்னு அவன் சொல்றதுதான். நிவாரணம் வந்தா அதுல ஒரு பங்கு. அவனுக்குப் பின்னால மறைஞ்சு நிக்கிறவனுக்குக் கறுப்புப் பூனைன்னே பேரு. (நம்ம ஊர்ல கறுப்புப் பூனை காவலுக்கு வரும், அங்க வசூலுக்கு வரும்.) ஒரே முகாமை மூணு அமைப்புக்கு மூணு பேர்ல காட்டினவங்களும் உண்டு. முகவரியும் முத்திரையும் மட்டும் வச்சிருக்கிற "தொண்டு அமைப்பு"களுக்கு அங்க ஒரு பேர் இருந்தது, பெட்டிக்குள்ள ஆபீஸ்னு.

அதே வாசல்காரன்ல சிலர் தண்ணி லாரி வரவழைச்சு, ராத்திரி பொம்பளைங்களுக்குக் காவல் போட்டு, செத்தவங்களை அடக்கமும் செஞ்சாங்க. அரசாங்கம் இல்லாத இடத்துல அவன்தான் ஊராட்சித் தலைவர். இதை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதுவீங்க?

பனிவாசி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் மினியாபொலிஸில் நர்ஸ். இங்கே சோமாலி மக்கள் மிக அதிகம். உள்ளூர் அமைப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2017இல் நேரில் பார்த்தோம்.

தட்டம்மை. 75 பேர். பெரும்பாலும் தடுப்பூசி போடாத சோமாலிக் குழந்தைகள். இத்தனைக்கும் இதே சமூகம் 2004 வாக்கில் 92 சதவீதம் அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தது, ஊரைவிட நன்றாகவே! 2014இல் 42க்கு விழுந்துவிட்டது. ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்விக்கு மருத்துவமனையில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. பதில் சொன்னவனை நம்பினார்கள்.

நாங்கள் சோமாலி மொழியில் துண்டறிக்கை அச்சடித்தோம். யாரும் படிக்கவில்லை. அந்த மொழிக்கு அரசு எழுத்துமுறை வந்ததே 1972இல்தான். இன்றும் முக்கியமான விஷயம் வாய்வழியாகத்தான் போகும். பள்ளிவாசல் இமாம்களும் சோமாலி நர்ஸ்களும் பாட்டிமார்களும் இறங்கிப் பேசிய பிறகுதான் வரிசை நீண்டது. என் வார்டில் ஒரு பாட்டி மருமகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "எனக்குத் தட்டம்மையில் இரண்டு பிள்ளை போயிற்று, நீ யூட்யூப் பார்த்துப் பேசுகிறாய்" என்று மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார். அப்படி ஒரு வாக்கியத்தை எந்தச் சுகாதாரத் துறையாலும் எழுத முடியாது.

கணக்குப்பிள்ளை

பனிவாசி, இது நான் எதிர்பார்க்காத பக்கம். நம்பிக்கை என்பது செலவுத் தலைப்பு இல்லை என்பதால் என் மாதிரி ஆட்களுக்கு அது தெரிவதே இல்லை.

பனிவாசி

இன்னொன்று. உலகத்தில் இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி சோமாலியாவில் மெர்கா ஊர்க்காரர், 1977. அலி மாவ் மாலின், ஒரு மருத்துவமனைச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து போட்டுக்கொள்ளாமல் இருந்தவர். பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துப் பிரச்சாரத்தில் சேர்ந்து, தயங்குகிற தாய்மார்களிடம் தன் கதையையே சொல்வாராம். 2013இல் போலியோ மறுபடி வந்தபோதும் அதே வேலையில் இருந்தார். அந்தச் சமயத்தில் மலேரியாவில் இறந்துபோனார். அவர் சொன்னால் கேட்பார்கள்.

மட்டுறுத்துநர்

மதம் சார்ந்து வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

பனங்கூடல்

மொகடிஷுவிலயும் பழைய உதாரணம் இருக்கு. 1992இல நகரம் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கேக்க, வடபகுதியில ஒரு சிறைச்சாலையை மருத்துவமனையா மாத்திச்சினம், கெய்சனே எண்டு பேர். பணமும் சத்திரசிகிச்சைச் சாமானும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், நடத்தினது சோமாலி செம்பிறைச் சங்கம். அந்த வருஷப் பஞ்சத்தில இதே ரெண்டு பேரும் சேர்ந்து 900க்கு மேல சமையல்கூடம் நடத்திச்சினம். அரிசி மூட்டையைக் கொள்ளையடிக்கலாம், சமைச்ச சோத்தை எங்க கொண்டுபோய் விக்கிறது? கணக்குப்பிள்ளை அண்ணை கேட்ட கசிவுக்கு அப்பவே அவையள் கண்டுபிடிச்ச வழி அது.

ஹவா அப்தி டொக்டரையும் மறக்கக் கூடாது. 1983இல அப்கோயி றோட்டில தன்ர குடும்பக் காணியில சின்னக் கிளினிக் தொடங்கினவா. பிறகு அந்தக் காணிக்குள்ள 90,000 சனம் வரை தங்கிச்சினம். உள்ளுக்கு வந்தால் குலப்பேச்சுப் பேசக் கூடாது, மனுசிக்கு அடிச்சால் களஞ்சிய அறையில பூட்டி வைக்கிறது. 2010இல ஆயுதக்காரர் உள்ள புகுந்து, பொம்பிளைக்கு இது என்ன வேலை எண்டு கேக்க, "நீங்கள் உங்கட சமூகத்துக்கு என்ன செய்தனீங்கள்" எண்டு திருப்பிக் கேட்டவவாம். கடைசியில அவைதான் மன்னிப்புக் கேட்டுப் போனவை. 2020இல காலமானா.

வில்சன்_ரன்வே

ஒரு சம்பவம் சொல்றேன், ஊர், அமைப்பு எதுவும் கேட்காதீங்க.

நாங்க மருந்து அனுப்பின ஒரு உள்ளூர் அமைப்பு, தலைவர் பழைய பள்ளிக்கூட வாத்தியார், கூடவே ஒரு மளிகைக்கடை. ஐரோப்பாவிலேர்ந்து ஒரு மருத்துவக் குழு அவங்களுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் போடும். டிசம்பர் 31 முடியும். அடுத்தது ஜனவரி 1 தொடங்கணும்ல? தொடங்காது. அங்க பட்ஜெட் கூட்டம், இங்க திருத்தம், கையெழுத்து மார்ச் கடைசியில. நடுவுல மூணு மாசம் பேப்பர்ல அந்தக் கிளினிக்கே கிடையாது.

ஆனா தடுப்பூசிக் குளிர்பெட்டி ஓடணும், ஜெனரேட்டருக்கு டீசல் வேணும். நர்சுங்க வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. கையளவு பட்டையை குழந்தை கையில சுத்தினா 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. சிவப்பு வந்த குழந்தையை மார்ச் வரை காத்திருன்னு அனுப்ப முடியுமா? தலைவர் தன் கடைக் கல்லாவிலேர்ந்து டீசல் வாங்கினார். பத்தாததுக்கு ஊர்ல காரான் எடுத்தாங்க, அதாவது ஆளாளுக்கு இவ்வளவுன்னு குலத்துக்குள்ள வசூல். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க ஹவாலாவுல, அதாவது பேங்க் இல்லாம ஆள் மூலமாப் பணம் அனுப்புற வழியில, அனுப்பினாங்க.

ஏப்ரல்ல பில்லைக் குடுத்தார். "ஒப்பந்தக் காலத்துக்கு வெளியே ஏற்பட்ட செலவு, ஏற்க இயலாது"ன்னு ஒரு வரி பதில். அந்த மெயிலை நான்தான் அவருக்குப் படிச்சுச் சொன்னேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "வெளியேன்னா எங்கே?"ன்னு கேட்டார்.

கணக்குப்பிள்ளை

இதைப் படித்துவிட்டு நேற்று பதில் போடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அந்தப் பில்லை நிராகரித்திருப்பேன். தேதி வெளியே இருக்கிறது, முன் அனுமதி இல்லை, ரசீது தலைவருடைய சொந்தக் கடையிலிருந்து. மூன்றுமே தணிக்கையில் சிவப்புக் கொடி. அதிலும் மூன்றாவதைப் பார்த்தவுடன் "ஆளைப் பிடித்துவிட்டோம்" என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

நான் இங்கே கேட்டது என் காசு அவர்களிடம் கசிகிறதா என்று. அவர்கள் காசு மூன்று மாதம் எங்கள் பக்கம் வந்திருக்கிறது.

சும்மா_ஒருவன்

இது சரியில்லைதான். ஆனா வருஷ ஒப்பந்தம் போடுறவன் ஏன் முன்கூட்டியே போடக் கூடாது? அவ்வளவு பெரிய அமைப்புக்கு அது தெரியாதா?

வில்சன்_ரன்வே

தெரியும். பணம் குடுக்கிற அரசாங்கம் அவங்களுக்கு லேட்டா குடுக்குது, அவங்க கீழ தள்ளுறாங்க. தாமதம் எப்பவும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். தலைமையகத்துக்கு நிர்வாகச் செலவுன்னு ஒரு சதவீதம் வரும், வாடகை, கணக்காளர், காப்பீடு எல்லாம் அதுல. உள்ளூர் அமைப்புக்குப் பல ஒப்பந்தத்துல அது பூஜ்யம். அப்புறம் அதே ஆள் ஆய்வுக்கு வந்து "உங்களிடம் சரியான கணக்காளர் இல்லையே"ம்பார்.

2016இல இஸ்தான்புல்ல பெரிய மாநாடு. 2020க்குள்ள உதவிப் பணத்துல கால்வாசியை முடிஞ்ச அளவு நேரா உள்ளூர் அமைப்புகளுக்குக் குடுப்போம்னு ஒப்புக்கிட்டாங்க. 2020 வந்துச்சு, போச்சு. மொத்தத்துல பார்த்தா கால்வாசி பக்கத்துலகூட வரலை.

ஆபத்துலயும் இதே பங்கீடுதான். செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தினா இறங்கிப் பேசுறவன் உள்ளூர்க்காரன். 2011 பஞ்சத்துல 2,58,000 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல அஞ்சு வயசுக்குக் கீழ. அந்த வருஷம் நவம்பர்ல, தெற்குல பெரும்பகுதியைக் கையில வச்சிருந்த அல்-ஷபாப் ஆயுதக் குழு 16 அமைப்புகளைத் தடை பண்ணிச்சு. இன்னொரு பக்கம், பணம் தப்பான கைக்குப் போனா நம்ம மேல வழக்கு வருமோன்னு அமெரிக்கப் பணம் வாங்கினவங்க பயந்து ஒதுங்கினாங்க. ரெண்டு பக்கமும் கதவு சாத்தினப்போ உள்ள இருந்தது யாருன்னு மறுபடி சொல்லணுமா?

பனங்கூடல்

ஒரு சின்ன எதிர்ப்பு. உள்ளூர் அமைப்பிட்ட முழுசா விட்டாலும் பிரச்சினை இருக்கு. சிறு குலக்காரர், பாண்டு (Bantu) எண்டு சொல்லப்படுகிற ஆற்றங்கரை விவசாயச் சனம், அவையளுக்கு அப்பான் இல்லை, காரான் எடுக்க வசதியான சொந்தக்காரரும் வெளிநாட்டில குறைவு. 2011இல ஆக மோசமாச் செத்ததும் தெற்கில இருந்த அந்தச் சனங்களும் ரகன்வெய்ன் எண்ட குலக்காரரும்தான். பெரிய குலத்து அமைப்பு மட்டும் கூட்டாளியா இருந்தால் கிளினிக் எந்த ஊரில வரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வெளியாள் ஒராள் "ஏன் அந்தக் கரையில ஒண்டும் இல்லை" எண்டு கேக்கத்தான் வேணும்.

வில்சன்_ரன்வே

இதுல எனக்கு மறுப்பே இல்லை. இந்த இழையில நான் சொல்லாம விட்ட விஷயம் இதுதான், வசதியா.

கணக்குப்பிள்ளை

பணத்தை நிறுத்தப் போவதில்லை. ஆனால் அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கூட்டாளிகளுக்கு நிர்வாகச் செலவில் பங்கு உண்டா, எத்தனை சதவீதம். கூட்டாளிகள் எந்தெந்தச் சமூகத்தினர், சிகிச்சைக்கு வருகிறவர்கள் எந்தெந்தச் சமூகத்தினர், இரண்டையும் யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா. ஊழியருக்கு ஏதாவது ஆனால் காப்பீடு வெளிநாட்டவருக்கு மட்டுமா, டிரைவருக்கும் நர்சுக்குமா. கடைசியாக, ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள மாதங்களில் டீசலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்.

இன்று ராத்திரி அனுப்புகிறேன். பதில் வந்தால் இங்கே ஒட்டுகிறேன்.

பனிவாசி

வராவிட்டாலும் சொல்லுங்கள்.

வில்சன்_ரன்வே

டீசல் கேள்வியை முதல்ல வைங்க. கடைசியில வச்சா அது வரைக்கும் படிக்க மாட்டாங்க.